மெத்தை உறை துவைக்கப் போன நாள்

“உள்ளே ஏறி உட்கார்ந்தப்புறம் வெளிப்பக்கம் எப்படி இருந்தா உனக்கு என்னடா?” என்று நண்பன் கேட்டான். கணினியில் விமானம் ஓட்டும் பொழுதுபோக்குக்காக, விமானி அறை மாதிரியே மரத்தில் ஒரு கூடு வீட்டுக்குள் கட்டிக்கொண்டிருந்தேன். ப்ளைவுட் பலகை ஒன்றைத் தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டுமென்று அன்றைக்கு அவனைக் கூப்பிட்டிருந்தேன். பாதி அறையை அடைத்துக்கொண்டு விலாச் சட்டங்கள் நின்றிருந்தன. கரையொதுங்கிய திமிங்கிலத்தின் எலும்புக்கூடு மாதிரி. “முழுசா இருக்கணும்ல” என்றேன். அது பதிலே இல்லை என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவன் பலகையைப் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். கேள்வி போகவில்லை. உப்புத்தாள் வைத்துத் தேய்க்கிற ஒவ்வொரு மாலையும் காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அதையே கேட்டது.

இந்தப் பொழுதுபோக்கில் விழுந்தவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே வழியாகத்தான் விழுகிறோம். முதலில் மேசையில் ஒரு யோக், அதாவது விமானத்தின் ஸ்டீயரிங். அப்புறம் மூக்கை இடம் வலமாகத் திருப்பக் காலடியில் ரட்டர் பெடல். அப்புறம் என்ஜின் வேகத்துக்கு த்ராட்டில், ரேடியோ பேனல், இரண்டாவது மானிட்டர். ஒரு நாள் மேசையில் காகிதம் வைக்க இடமிருக்காது. அன்றைக்குத்தான் சுவர் கட்டும் ஆசை வருகிறது. நான் மூன்று வருடம் மேசையில்தான் ஓட்டினேன். திரையிலேயே விமானி அறையும் வரையப்பட்டிருக்கும். அதன் ஜன்னல் வழியாக ரன்வே தெரியும். அதில் நன்றாகவே இறக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் வரப்போகும் அவமானத்துக்கு இது முக்கியம் என்பதால் இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

தலையில் வி.ஆர். கண்ணாடியை மாட்டிக்கொண்டால் இந்த மரவேலையெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. நானும் மாட்டிப் பார்த்தேன். அறை அற்புதமாக இருந்தது, ஆனால் அதில் என் கைகள் இல்லை. ஒரு சுவிட்சைத் தேடிக் காற்றில் துழாவினேன். என் விரல் இருக்கும் இடமும் சுவிட்ச் தெரியும் இடமும் ஒன்றாகவில்லை. கூடு விட்டுக் கூடு பாய்ந்தவன் உடம்பைப் பழைய கூட்டிலேயே விட்டுவந்த கதை. எனக்குக் கையை நீட்டினால் பொருள் தட்டுப்பட வேண்டும். சரி, மரம்தான் என்று முடிவு செய்தேன்.

விமானம் போயிங் 737. நிறைய பேர் இதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். காரணம் பாசமல்ல, வசதி. முதல் 737 பறந்தது 1967-ல். அதன் உடல் அகலம் போயிங்கின் முந்தைய விமானமான 707-லிருந்து வந்தது, 3.76 மீட்டர், மூக்குப் பகுதியின் வடிவமும் ஏறக்குறைய அங்கிருந்து வந்ததுதான். இத்தனை காலமாக அந்த ஜன்னல்கள் பெரிதாக மாறவில்லை. பழைய 737-களில் முன் கண்ணாடிகளுக்கு மேலே புருவம் மாதிரி குட்டி ஜன்னல்கள் இருக்கும். பிற்பாடு வந்தவற்றில் அதை எடுத்துவிட்டார்கள். மரவேலை செய்கிறவனுக்கு அது ஆறுதல், வெட்ட வேண்டிய ஓட்டைகள் குறைவு. குட்டி விமானமான செஸ்னா 172 என்றால் இன்னும் எளிது. உள்ளே அகலமே சுமார் 1 மீட்டர்தான், ஒரு மூலையில் அடக்கிவிடலாம். பிரித்துப் போட்ட நிஜ விமானத்தின் மூக்கையே வாங்கி வந்து வைத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். அளவுத் தலைவலி அவர்களுக்கு இல்லை. வீட்டுச் சுவரைத்தான் இடிக்க வேண்டியிருக்கும்.

முதலில் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, டேப் ஒட்டி, முழு அளவில் ஒரு மாதிரி செய்தேன். இதைச் செய்யாமல் யாரும் ரம்பத்தைத் தொடக்கூடாது. வரைபடத்தில் சாதுவாக இருந்த ஓவர்ஹெட் பேனல், அதாவது தலைக்கு மேலே வரும் சுவிட்ச் பலகை, அட்டையில் வந்ததும் நெற்றியில் இடித்தது. அப்புறம் பொருள். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை வெட்டுவதற்கு வெண்ணெய் மாதிரி, ஆனால் 18 மி.மீ. தடிமனில் எட்டடிக்கு நாலடிப் பலகை ஒன்று 40 கிலோ கனக்கும். ஓரத்தில் ஸ்க்ரூ இறக்கினால் பிளந்துகொள்ளும். ஈரம் பட்டால் உப்பும். எனவே விலாச் சட்டங்களுக்கு 12 மி.மீ. ப்ளைவுட். தட்டையான இடங்களில் மட்டும் எம்.டி.எஃப்.

வளைவுதான் ஆளைக் கொல்லும். ப்ளைவுட்டின் பின்பக்கம் வரிவரியாகப் பாதி ஆழத்துக்குக் கீறிவிட்டால் அது ஒரு பக்கமாக அழகாக வளையும். ஆனால் விமானத்தின் மூக்கு ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் வளைகிறது. ஆரஞ்சுப் பழத்தோலை மேசையில் தட்டையாக விரிக்க முடியாது இல்லையா, அதே கதைதான் தலைகீழாக. படகு கட்டுபவர்களின் வழிதான் மிச்சம்: விரற்கடை அகலக் கீற்றுகளாக அறுத்து, ஒவ்வொன்றையும் விலாவில் பொருத்தி, இடுக்குகளில் பட்டி பூசி, காய்ந்ததும் தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி தேய்த்து. இடது கன்னம் முடிந்தபோது வலது கன்னத்தை நினைத்து எனக்கு அழுகை வந்தது. இதற்கு நடுவில் ஜன்னல் சட்டப் பகுதியை வேறு அறையில் வைத்து ஒட்டி முடித்துவிட்டேன். அது கதவைவிட 4 செ.மீ. அகலம். சாய்த்துப் பார்த்தேன், படுக்கப்போட்டுப் பார்த்தேன். கடைசியில் ஒட்டிய கையாலேயே நடுவில் அறுத்து, போல்ட் வைத்து மாட்டும்படி இரண்டாக்கினேன். அந்த அறுப்பு பின்னால் எத்தனையோ முறை கைகொடுத்தது. முன்பேனலுக்குப் பின்னால் ஒரு ஒயர் கழன்றால் குழந்தை மாதிரித் தவழ்ந்து போக வேண்டாம், ஆறு போல்ட்டைக் கழற்றினால் போதும்.

இரண்டு இருக்கைக்கும் நடுவிலிருக்கும் மேடையான பெடஸ்டலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நிஜ விமானங்களில் ரேடியோ பேனல்களின் அகலம் 146 மி.மீ., பக்கத் தண்டவாளங்களில் 9.525 மி.மீ.க்கு ஒரு துளை. இந்த இரண்டு எண்களுக்கு மரியாதை கொடுத்தால் எந்த பேனலையும் எந்த இடத்திலும் மாட்டலாம், மாற்றலாம். நான் முதலில் 10 மி.மீ. என்று தோராயமாகப் போட்டேன். ஐந்தாவது துளைக்குள் ஏறக்குறைய இரண்டு மி.மீ. விலகிவிட்டது. தோராயம் மரத்தில் செல்லும், உலோகத்தில் செல்லாது.

தொப்

ஒரு வழியாக உட்புறம் முடிந்தது. மங்கலான சாம்பல் வண்ணம் அடித்தேன். பளபளப்பு கூடாது, திரையின் வெளிச்சமெல்லாம் அதில் விழுந்து கண்ணைக் கூசும். முன்னால் ஒரு பெரிய வெள்ளைத் திரை, மேலே ப்ரொஜெக்டர். திரையில் வரையப்பட்டிருந்த விமானி அறையை அணைத்துவிட்டேன். இனி அது வேண்டாம், மரத்தாலான அறை எனக்கே இருக்கிறது. என்ஜின் சத்தம் இருக்கைக்கு அடியிலிருந்த ஸ்பீக்கரில் அதிர்ந்தது. ரன்வேயில் வேகம் பிடித்து மேலே ஏறினேன். சிரித்துக்கொண்டே இருந்தேன், தனியாக, முட்டாள் மாதிரி.

அப்புறம் இறக்கினேன். தரைக்கு மேலே விமானம் மிதந்தது. மிதந்துகொண்டே இருந்தது. வேகம் செத்ததும் தொப்பென்று விழுந்தது.

புது இடம், பழக வேண்டும் என்று நினைத்தேன். இரண்டாவது முறை, தொப். பத்தாவது முறை, தொப். மேசையில் உட்கார்ந்து மூன்று வருடம் பூப்போல இறக்கியவன், இத்தனை மாதம் உழைத்துக் கட்டிய கூட்டுக்குள் வந்து, கற்றுக்குட்டி மாதிரி இறக்கிக்கொண்டிருந்தேன். யோக்கின் அளவீட்டைச் சரிபார்த்தேன். ப்ரொஜெக்டர் படத்தைத் தாமதமாகக் காட்டுகிறதோ என்று அமைப்புகளைக் குடைந்தேன். கணினி திணறுகிறதோ என்று மேகங்களைக் குறைத்தேன். கூட்டுக்குள் வெப்பம் ஏறி எனக்குத்தான் புத்தி மந்தமாகிறதோ என்று ஒரு காற்றாடிகூடப் பொருத்தினேன். அதில் வியர்வை குறைந்தது, தொப் குறையவில்லை. அந்த வாரங்களில் நண்பன் வந்து பார்க்கிறேன் என்றபோதெல்லாம் ஏதோ சாக்கு சொன்னேன். அவனுடைய கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இல்லை, குறைந்தபட்சம் ஒழுங்காக ஒருமுறை இறக்கியாவது காட்ட வேண்டாமா?

ஒரு நாள் சாயங்காலம் ஏறி உட்கார்ந்தேன். இருக்கை கடினமாக இருந்தது. பழைய கார் இருக்கை அது. முதுகுக்குச் சுகம், உட்காருமிடம் கல். கூடு முடிந்த வாரமே அதன்மேல் ஒரு ஸ்பாஞ்ச் மெத்தையைப் போட்டிருந்தேன். அதைக் காணவில்லை. “ஏங்க, அந்த உறை எத்தனை மாசமா அழுக்கா கிடக்கு, கழற்றி ஊறப் போட்டிருக்கேன்” என்று வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. சரி, ஒரே ஒரு சுற்று என்று மெத்தையில்லாமலேயே கிளம்பினேன். இறக்கினேன். சக்கரம் ரன்வேயைத் தொட்டது தெரியவேயில்லை. இன்னொரு முறை. அதேதான். மூன்றாவது முறையும் அப்படியே வந்தபோது யோக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு, குனிந்து, அந்தக் கல் இருக்கையைப் பார்த்தேன்.

அளவுநாடாவை எடுத்து வந்தேன். மெத்தை 8 செ.மீ. தடிமன், நான் உட்கார்ந்தால் அமுங்கி 5 செ.மீ. ஆகும். அதாவது அது என் கண்ணை 5 செ.மீ. உயர்த்தியிருக்கிறது. கண்ணிலிருந்து க்ளேர்ஷீல்டின் ஓரம் 70 செ.மீ. தூரம். க்ளேர்ஷீல்ட் என்பது கருவிப் பலகைக்கு மேலே புருவம் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் கறுப்பு மறைப்பு. 70 செ.மீ. தூரத்தில் 5 செ.மீ. என்றால் 4 டிகிரி. திரை 140 செ.மீ. தூரத்தில் இருந்தது, அங்கே 5 செ.மீ. என்றால் 2 டிகிரி. கண் உயர்ந்ததால் க்ளேர்ஷீல்டின் ஓரம் 4 டிகிரி கீழே போயிற்று, திரையிலிருந்த தொடுவானம் 2 டிகிரிதான் கீழே போயிற்று. மிச்சம் 2 டிகிரிக்குத் தொடுவானம் க்ளேர்ஷீல்டுக்கு மேலே எழும்பி நின்றது. மூக்கு கீழே குத்தி இறங்குகிற தோற்றம். என் கண் மூன்று வருடமாகத் திரையில் வரைந்த சரியான காட்சிக்குப் பழகியிருந்தது. அதை மீட்கக் கை தானாக யோக்கை இழுத்தது. 737-ஐ இறக்கும்போது, சக்கரம் ரன்வேக்குச் சுமார் 20 அடி மேலே இருக்கையில், மூக்கை 2 முதல் 3 டிகிரி தூக்க வேண்டும். அவ்வளவுதான் மொத்த வித்தையே. அந்த வித்தையின் அளவுக்கே ஒரு பிழையை நான் சந்தோஷமாக உட்காரும் இடத்தில் போட்டு வைத்திருந்தேன்.

மறைப்பதற்காகக் கட்டுவது

அதுவரை கூடு என்பதை நான் காட்டுவதற்கான பொருளாகத்தான் நினைத்திருந்தேன். நண்பனும் அப்படி நினைத்துத்தான் கேட்டிருக்கிறான். உண்மையில் அதன் வேலை மறைப்பது. எதை, எவ்வளவு மறைக்கிறது என்பதில்தான் விமானம் எங்கே இருக்கிறது, எப்படிச் சாய்ந்திருக்கிறது என்ற சேதி முழுவதும் கண்ணுக்கு வந்து சேர்கிறது. ஜன்னல் தூண், க்ளேர்ஷீல்டின் ஓரம், பக்கக் கண்ணாடியின் கீழ்விளிம்பு எல்லாம் அளவுகோல்கள். கண் இருக்கும் இடம் மாறினால் அளவுகோலும் பொய் சொல்லும்.

விமானிகளுக்காக எட்வின் லிங்க் 1929-ல் செய்த பயிற்சிப் பெட்டியை நினைத்துக்கொண்டேன். அவருடைய குடும்பம் பியானோவும் ஆர்கனும் செய்துகொண்டிருந்தது. ஆர்கனில் காற்றடிக்கும் துருத்திகளை எடுத்துத்தான் ஒரு மரப்பெட்டியை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் சாய வைத்தார். ஆரம்பத்தில் பெரிதாக யாரும் சீந்தவில்லை. 1934-ல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் சுமந்துபோய், மோசமான வானிலையில் வரிசையாக விபத்துக்குள்ளான பிறகு ராணுவம் ஆறு பெட்டிகள் வாங்கியது. அந்தப் பெட்டிக்குக் குட்டையான சிறகுகளெல்லாம் உண்டு, பார்க்கப் பொம்மை விமானம் மாதிரி இருக்கும். ஆனால் அதைப் பயிற்சிக் கருவியாக்கியது சிறகல்ல. ஏறி உட்கார்ந்ததும் தலைக்கு மேலே மூடுகிற மூடி. மூடியதும் வெளியுலகம் கிடையாது, கருவிகளை மட்டும் நம்பி ஓட்ட வேண்டும். மறைப்பதையே வேலையாக வைத்திருந்த கூடு அது.

நிஜ விமானத்திலும் இது விளையாட்டல்ல. கணக்குக்காக, க்ளேர்ஷீல்டுக்கு மேலாக விமானியால் தொடுவானத்துக்குக் கீழே 15 டிகிரிவரை பார்க்க முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். தரையிலிருந்து 200 அடி, அதாவது 60 மீட்டர் உயரம். சாதாரணக் கருவி வழி இறக்கத்தில், இறங்குவதா திரும்ப ஏறுவதா என்று முடிவெடுக்கும் உயரம் அது. அங்கே விமானத்துக்கு முன்னால் 224 மீட்டர் தரை மூக்குக்கு அடியில் மறைந்திருக்கும். பனிமூட்டத்தில் 550 மீட்டர்தான் பார்வை என்றால், உண்மையில் கண்ணில் படும் தரை 320 மீட்டர் சொச்சம். இப்போது விமானி 5 செ.மீ. தாழ உட்கார்ந்திருந்தால் அந்த 15 டிகிரி 11 ஆகிவிடும், மறைந்த தரை 310 மீட்டர் ஆகும். ரன்வே விளக்குகள் தெரிகின்றனவா என்று தேடும் அந்தச் சில நொடிகளில், கையிலிருந்த காட்சியில் கால்வாசிக்கு மேல் இருக்கையின் உயரத்திலேயே போய்விட்டது. ஏர்பஸ் விமானங்களில் நடு ஜன்னல் தூணில் சிவப்பும் வெள்ளையுமாகச் சிறு உருண்டைகள் வைத்திருப்பது இதற்காகத்தான். சிவப்பு உருண்டை வெள்ளையை மறைக்கும்வரை விமானி இருக்கையை நகர்த்த வேண்டும். மறைந்தால் கண் சரியான இடத்தில் இருக்கிறது. அங்கேயும் பாருங்கள், மறைப்புதான் அளவு.

இன்னொரு சங்கடமும் அன்றைக்குத்தான் புரிந்தது. பக்கத்து இருக்கையில் உட்காருபவர்கள் எல்லோரும் “நீ ரன்வேக்குப் பக்கத்துல இறக்குற” என்று சொல்வார்கள். நான் அதைப் பொறாமை என்று ஒதுக்கியிருந்தேன். இரண்டு இருக்கைக்கும் நடுவே 1 மீட்டர். திரை 140 செ.மீ. தூரத்தில். எனக்கு நேர் எதிரே தெரியும் புள்ளி அவர்களுக்கு 35 டிகிரி இடப்பக்கம் தெரியும். விமான நிறுவனங்கள் பயிற்சிக்கு வைத்திருக்கும் சிமுலேட்டர்களில் காட்சி நேராகத் திரையில் விழுவதில்லை. பெரிய வளைந்த கண்ணாடியில் பட்டு, வெகு தொலைவிலிருந்து வருவது போல இணையான கதிர்களாகக் கண்ணுக்கு வருகிறது. அதனால் இருவருக்குமே ரன்வே நேரெதிரே இருக்கும். தலையைக் கொஞ்சம் உயர்த்தினாலும் தொடுவானம் நகராது. வீட்டில் அதைச் செய்து பார்க்கிற கிறுக்கர்கள் உண்டு. எனக்கு அந்த அளவுக்குத் துணிச்சலில்லை. திரையை இன்னும் தள்ளி வைத்தால் பிழை குறையும். சுவர் இடம் கொடுத்தவரை தள்ளினேன். வலப்பக்கம் உட்காருபவர் விருந்தாளி, அவர் கொஞ்சம் கோணலாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

நான் செய்த தவறு இப்போது தெளிவாகத் தெரிகிறது. விமானத்தின் வெளிக்கோட்டு வரைபடத்திலிருந்து தொடங்கினேன். மூக்கு, அதற்குள் சட்டம், சட்டத்துக்குள் ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் கருவிப் பலகை, எல்லாவற்றுக்கும் கடைசியில் இருக்கை, இருக்கைமேல் எஞ்சிய இடத்தில் நான். முதலில் வெறும் தரையில் இருக்கையைப் போட்டு, உட்கார்ந்து, அமுங்குவது அமுங்கி முடிந்த பிறகு என் கண் இருக்கும் இடத்தில் ஒரு நூலைத் தொங்கவிட்டிருக்க வேண்டும். அந்த நூலிலிருந்துதான் மற்றதெல்லாம் வெளியே போயிருக்க வேண்டும். தூணின் பின்பக்கம் நான் நாலு நாள் தேய்த்த வளைவு, கண்ணிலிருந்து பார்த்தால் ஒரு கோடுதான். அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்பதை ஒருமுறைகூட அளக்கவில்லை.

கூட்டைப் பிரிக்கவில்லை. அதற்கு மனசு வரவில்லை, முதுகும் வரவில்லை. மெத்தையை எறியவும் முடியாது, அந்தக் கல்லின்மேல் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கே அது புரியும். இருக்கையின் மரப்பீடத்தில் 5 செ.மீ. அறுத்தேன். பெடலைப் பின்னால் நகர்த்த வேண்டி வந்தது, அதற்கு இரண்டு நாள். அப்புறம் ஜன்னலின் நடுத்தூணில், சைக்கிள் கம்பி ஒன்றில் இரண்டு மணிகளைக் கோத்து முன்னும் பின்னுமாகப் பொருத்தினேன், ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை. போயிங் கூட்டுக்குள் ஏர்பஸ் மணியா என்று விஷயம் தெரிந்தவர்கள் முகம் சுளிக்கலாம். எனக்குக் கவலையில்லை.

நண்பனை அப்புறம்தான் கூப்பிட்டேன். அவன் என்னைவிட அரையடி உயரம். இடப்பக்கம் உட்கார்ந்ததும் யோக்கைப் பிடிக்கப் போனான், நான் விடவில்லை. “முதல்ல அந்த ரெண்டு மணியைப் பாரு. எத்தனை தெரியுது?” “ரெண்டு.” இருக்கையைக் கீழே இறக்கினேன். “இப்ப?” “ரெண்டுதான்... இரு, இரு... ஒண்ணு. சிவப்பு மட்டும்.” அப்படியே இருக்கச் சொல்லிவிட்டு விமானத்தை ரன்வேக்கு நேராக, 1,500 அடியில் வைத்துக் கொடுத்தேன். அவன் விமானத்தைப் புல்லில் இறக்கினான், அது வேறு விஷயம். ஆனால் மிதக்கவில்லை.

இறங்கி வந்து கூட்டைச் சுற்றி நடந்தான். வலது கன்னத்தில் கீற்றுகள் பாதியோடு நிற்கின்றன, மீதியில் விலாக்கள் வெறுமனே தெரிகின்றன. மூலையில் வெளிப்பூச்சு டின் மூடி திறக்காமலே இருக்கிறது, மேலே தூசி. “இதை எப்ப முடிக்கப்போற?” என்றான்.